மருந்து வந்து சேர்ந்த பிறகு: ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. சிகிச்சையும் செயலாக்க அறிவியலும்

உகாண்டாவின் தென்மேற்கில் உள்ள ம்பராரா நகரின் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் 2004 தொடக்கத்திலிருந்து 2007 செப்டம்பர் வரை 3,628 பேர் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கினார்கள். அவர்களில் 829 பேர் ஒரு கட்டத்துக்குப் பிறகு வரவே இல்லை. அந்தக் காலத்தில் இப்படி வராமல் போனவர்களைப் பெரும்பாலான மையங்கள் 'தொடர்பு விட்டுப்போனவர்கள்' என்று குறித்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடும். இவர்கள் மருந்தின் அருமை தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்பது பரவலான எண்ணம். எல்வின் கெங் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்த 829 பேரில் 128 பேரை மட்டும் மாதிரியாக எடுத்து, ஊர் ஊராகத் தேடிப் போனார்கள். 111 பேரைப் பற்றித் தகவல் கிடைத்தது. 32 பேர் இறந்திருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் 48 பேரை நேரில் பார்த்துப் பேச முடிந்தது. அந்த 48 பேரில் 83 சதவீதம் பேர் கடந்த 3 மாதத்துக்குள் வேறு ஏதோ ஒரு மருத்துவரிடமோ மையத்திலோ காட்டியிருந்தார்கள். 71 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் மருந்து சாப்பிட்டிருந்தார்கள்.

அதாவது, பதிவேட்டில் ஒரே பெயரில் கிடந்த கூட்டத்துக்குள் இரண்டு விதமான மனிதர்கள் இருந்தார்கள். ஒரு பகுதியினர் யாருக்கும் தெரியாமல் இறந்துபோனவர்கள். இன்னொரு பகுதியினர் பக்கத்தில் வேறொரு மையம் திறந்ததும் அங்கே மாறிக்கொண்டு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். முதல் மையத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்ன காரணங்கள் வண்டிச் செலவும் தூரமும்தான்.

இந்த வேலைக்குப் பெரிய ஆய்வுக்கூடமோ புது மருந்தோ தேவைப்படவில்லை. ஆனாலும் இது அறிவியல்தான். வேலை செய்யும் என்று ஏற்கெனவே நிரூபணமான ஒரு சிகிச்சை, நிஜமான ஊரில், நிஜமான வரிசையில் காத்திருக்கும் மனிதருக்கு ஏன் போய்ச் சேருவதில்லை, எப்படிச் செய்தால் சேரும் என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்க்கும் துறை இது. செயலாக்க அறிவியல் என்று சொல்லலாம். ஒரு மருந்து ஆய்வில், மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது கேள்வி. இங்கே கேள்வி மருத்துவமனையின் மேல் திரும்புகிறது: எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது, ஊழியர்கள் அதை ஏற்றுக்கொண்டார்களா, திட்டமிட்டபடியே செய்தார்களா, என்ன செலவாயிற்று, ஆய்வுக் குழு கிளம்பிப் போன பிறகும் நின்றதா. ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. சிகிச்சை வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுவது ஒன்று. நோயாளியைத் திருத்தப் பார்த்த இடங்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மருத்துவமனை தன்னைத் திருத்திக்கொண்ட இடங்களில் மக்கள் தங்கினார்கள்.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி.யை அடக்கலாம் என்பது 1996-இல் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அப்போது ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கான மருந்தின் விலை 10,000 டாலருக்கும் மேல். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா மருந்து நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீது அதே கூட்டு மருந்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். அதற்குப் பிறகு விலை சரிந்துகொண்டே வந்தது. 2002-இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம், 2003-இல் அமெரிக்க அரசின் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபார் என்று பணமும் வந்தது.

விலை இறங்கிய அதே 2001-இல்தான், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்டின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்காவில் பலருக்கு மேற்கத்திய நேரக் கணக்கு தெரியாது, இந்த மருந்துகளை நேரத்துக்குச் சாப்பிட அவர்களால் முடியாது என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள் பலர். அளந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். 2006-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. மருந்தைப் போதுமான ஒழுங்கோடு சாப்பிட்டவர்கள் சகாராவுக்குத் தெற்கே 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம். மனிதர்களைப் பற்றிய ஒரு மேம்போக்கான தீர்ப்பு எத்தனை லட்சம் பேருக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

சரி, மருந்து வந்தது, சாப்பிடவும் தயாராக இருந்தார்கள். யார் கொடுப்பது? மலாவியை எடுத்துக்கொள்வோம். 2004 வாக்கில் அங்கே 1 லட்சம் பேருக்கு சுமார் 2 மருத்துவர்கள். பணக்கார நாட்டு முறைப்படி ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக மருத்துவர் பார்த்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது என்று இறங்கியிருந்தால் தலைநகரைத் தாண்டியிருக்க முடியாது. மலாவி வேறு வழியில் போனது. காசநோய்த் திட்டத்தில் ஏற்கெனவே பழகியிருந்த முறையை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே முதல்கட்டக் கூட்டு மருந்து, எளிமையான ஒரு நோயாளி அட்டை, ஒரு பதிவேடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா மையங்களுக்கும் மேற்பார்வைக் குழு நேரில் போய்ப் பதிவேட்டைச் சரிபார்ப்பது. மருத்துவர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்களும் செவிலியர்களும் கொடுத்தார்கள். செவிலியர் கொடுத்தால் தரம் குறையுமே என்ற பயத்தைத் தென்னாப்பிரிக்க ஆய்வுகள் பிறகு போக்கின. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 31 மையங்களில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. செவிலியர்கள் சிகிச்சையைத் தொடங்கி வைத்த மையங்களில் நோயாளிகளின் உயிர்பிழைப்பு மற்ற மையங்களைவிட மோசமாக இல்லை.

மலாவியின் அடுத்த அடி இன்னும் துணிச்சலானது. கர்ப்பிணிகளிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. போகாமல் தடுக்க, அப்போதைய உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலின்படி, முதலில் ரத்தத்தில் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ண வேண்டும். எண்ணிக்கையைப் பொறுத்து, வாழ்நாள் முழுவதுக்குமான சிகிச்சையா குறுகிய கால மருந்தா என்று முடிவு செய்ய வேண்டும். மலாவியின் கிராமங்களில் அந்த எண்ணும் கருவியே கிடையாது. கருவி வரும் வரை காத்திருப்பதா? 2011 ஜூலையில் மலாவி ஒரு முடிவெடுத்தது: எச்.ஐ.வி. உள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், வாழ்நாள் சிகிச்சை. இதற்கு 'பி பிளஸ்' என்று பெயர். முன்பு 3 மாதத்தில் 1,257 தாய்மார்கள் சிகிச்சை தொடங்கிய நாட்டில், 2012-இன் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர் தொடங்கினார்கள். 2013-இல் உலக சுகாதார நிறுவனமே இந்த வழியைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்துக்கொண்டது. ஏழை நாடு ஒன்று தன் ஆய்வகப் பற்றாக்குறையை நேர்மையாக ஒத்துக்கொண்டு எடுத்த முடிவு, உலகத்தின் வழிகாட்டுதலுக்குள் போனது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, இந்தத் துறையின் பயன் தெரிவதும் அங்கேதான். 2014-இல் வந்த ஒரு பகுப்பாய்வு, பி பிளஸ் வழியில் தொடங்கியவர்களில் 17 சதவீதம் பேர் 6 மாதத்துக்குள் தொடர்பு விட்டுப்போனதைக் காட்டியது. தானே நோய்வாய்ப்பட்டுச் சிகிச்சைக்கு வந்த பெண்ணோடு ஒப்பிட்டால், கர்ப்ப காலத்தில் தொடங்கியவர் முதல் நாளுக்குப் பிறகு திரும்பியே வராமல் போகும் வாய்ப்பு 5 மடங்கு. யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. வயிற்றுப் பிள்ளைக்குப் பரிசோதனை செய்துகொள்ள வந்த பெண், உடம்பில் ஒரு நோவும் இல்லாதவர், அதே நாளில் தனக்கு எச்.ஐ.வி. என்று கேள்விப்பட்டு, அதே நாளில் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறார். கணவரிடம் எப்படிச் சொல்வது? மாத்திரையை எங்கே வைப்பது?

அந்தப் பகுப்பாய்வில் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்ட எண் ஒன்று உண்டு. தொடர்பு விட்டுப்போகும் விகிதம் சில மையங்களில் பூஜ்யம், சில மையங்களில் 58 சதவீதம். ஒரே நாடு, ஒரே மருந்து, ஒரே கொள்கை. பெண்களின் 'மனப்பான்மை' மையத்துக்கு மையம் அப்படி மாறிவிடாது. மையம் நடக்கும் விதம் மாறியிருக்கிறது. எனவே அடுத்து வந்த ஆய்வு மையங்களை நோக்கித் திரும்பியது. ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் தாய்மார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சில இடங்களில் மருத்துவமனைக்குள்ளும், சில இடங்களில் ஊருக்குள்ளும், புதிதாக வருபவருக்குத் துணையாக நிறுத்தினார்கள். 24 மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான முறையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சையில் இருந்தார்கள். தாய்மார் துணை இருந்த இரண்டு வகை மையங்களிலும் சுமார் 80 சதவீதம் பேர் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 2001-இல் தொடங்கிய 'மதர்ஸ் டு மதர்ஸ்' அமைப்பு வெகுநாளாகச் செய்துகொண்டிருந்த வேலை இது. அதற்கு இங்கே எண்ணிக்கையில் சான்று கிடைத்தது.

மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் ஒரு மாற்றத்துக்குத் தொடக்கமாக அமைந்தது நோயாளிகளின் பயணச் சுமை. மாதா மாதம் மருந்து வாங்க நெடுந்தூரம் நடந்து வந்து, நாள் முழுக்க வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை இழந்து திரும்ப வேண்டும். 2008-இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் மாகாணச் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஒரு மாற்று ஏற்பாட்டைச் சோதித்தன. உடல்நிலை சீராக இருக்கும் நோயாளிகள், அதிகபட்சம் 6 பேர், தாங்களே ஒரு குழுவாகச் சேரலாம். ஒவ்வொரு மாதமும் முறை வைத்து ஒருவர் மட்டும் மையத்துக்குப் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கி வருவார், போகும்போது தன் உடம்பையும் காட்டிக்கொள்வார். கிளம்பும் முன் யாராவது ஒருவர் வீட்டில் கூடி மாத்திரைகளை எண்ணி, யாருக்காவது காய்ச்சலா, எடை குறைந்ததா என்று விசாரித்து அட்டையில் குறித்துக்கொள்வார்கள். 2011-இல் வெளியான முதல் முடிவில் 97.5 சதவீதம் பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள். தொடர்பு விட்டுப்போனவர்கள் 2 பேர் மட்டுமே.

இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. குழுவில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே 6 மாதம் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு உடல் தேறியவர்கள், நம்பிப் பழகும் ஆட்கள் உள்ளவர்கள், தன் நிலையை ஐந்து பேரிடம் சொல்லத் துணிந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க குலுக்கல் முறையில் பிரித்த இன்னொரு பிரிவும் இல்லை. கேப் டவுனின் கையெலிட்ஷா பகுதியில் 2007 முதல் நடந்த மருந்து மன்றங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 25, 30 பேர் கொண்ட மன்றம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும், ஒரு சமூக ஊழியர் எடை பார்த்து, முன்பே பொட்டலம் கட்டிய மருந்தைக் கொடுப்பார், ஒரு மணி நேரத்துக்குள் வேலைக்குப் போய்விடலாம். 40 மாத முடிவில் மன்றத்தினரில் 97 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள், வழக்கமான வரிசையில் நின்றவர்களில் 85 சதவீதம். வித்தியாசத்தில் எவ்வளவு மன்றத்தால் வந்தது, எவ்வளவு தேர்ந்த ஆட்களால் வந்தது என்று பிரிப்பது கடினம். ஆனால் இன்னொரு கோணமும் உண்டு. நன்றாக இருப்பவர்களை வரிசையிலிருந்து எடுத்துவிட்டால், நோய் முற்றி வருபவருக்கு செவிலியரின் நேரம் கிடைக்கிறது. மன்றத்தில் சேராதவருக்கும் மன்றத்தால் நன்மை. அப்புறம், மலாவியிலும் ஜாம்பியாவிலும் நடந்த குலுக்கல் ஆய்வு ஒன்று, 6 மாத மருந்தை மொத்தமாகக் கையில் கொடுத்தாலும் சிகிச்சையில் தங்குவோர் எண்ணிக்கை குறையவில்லை என்று 2021-இல் காட்டியது. ஆண்டுக்கு இரண்டே நடை. பயணச் சுமையைக் குறைப்பதே மருந்து போலப் பலன் தருகிறது என்று நான் நம்புவதற்கு இவையெல்லாம் சேர்ந்த சான்றுதான் காரணம்.

ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்காததையும் சொல்ல வேண்டும். கென்யாவில் மூன்று மையங்களில் 538 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்புவார்: எப்படி இருக்கிறீர்கள்? மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. நோயாளி 48 மணி நேரத்துக்குள் நலம் என்றோ சிக்கல் என்றோ பதில் போட வேண்டும். சிக்கல் என்றாலும் பதிலே வராவிட்டாலும் செவிலியர் தொலைபேசியில் கூப்பிடுவார். ஓர் ஆண்டில் வைரஸ் அடங்கியவர்கள் இந்தப் பிரிவில் 57 சதவீதம், மற்ற பிரிவில் 48 சதவீதம். கேமரூனின் யாவுண்டே நகரில் 200 பேரிடம் 2012-இல் முடிவு வந்த ஆய்விலும் வாரா வாரம் குறுஞ்செய்தி போனது. அது ஊக்கமூட்டும் செய்தி, பதிலை எதிர்பார்த்து அனுப்பப்பட்டதல்ல. பலன் எதுவும் தெரியவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் 'குறுஞ்செய்தித் திட்டம்'. கென்யாவில் வேலை செய்தது, மறுமுனையில் ஒரு செவிலியர் காத்திருந்து கூப்பிட்டதாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஒரு திட்டத்தை வேறு நாட்டுக்கு எடுத்துப் போகும்போது அதன் உயிர்ப்பகுதி எது, மாற்றிக்கொள்ளக் கூடிய பகுதி எது என்று முதலில் பிரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் பணமும் உழைப்பும் வீண்.

மருந்துக்கும் மனிதருக்கும் இடையிலான இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால் விலை எவ்வளவு பெரியது என்பதை தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணம் காட்டியது. மருந்து சாப்பிட்டு வைரஸ் அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பது 2011-க்குப் பிறகு தெளிவாகிவிட்டது. அப்படியானால் ஒரு ஊரில் எல்லோரையும் பரிசோதித்து, தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து கொடுத்தால் புதிய தொற்றுகள் குறைய வேண்டும் அல்லவா? 2012 முதல் 2016 வரை, 22 பகுதிகளில், வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்தார்கள். நடந்து போகும் தூரத்தில் மையம் வைத்தார்கள். புதிய தொற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. மருந்து தோற்கவில்லை. வீட்டில் பரிசோதனை செய்துகொண்ட பலர் மையத்துக்குப் போகவில்லை, அல்லது வெகு தாமதமாகப் போனார்கள். ஆண்களைப் பிடிப்பது இன்னும் கடினமாக இருந்தது. பரிசோதனைக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில் இருந்த அந்தச் சில கிலோமீட்டரில் மொத்தத் திட்டமும் கரைந்தது.

லெசோத்தோவின் மலைக் கிராமங்களில் அந்த இடைவெளியையே எடுத்துவிட்டால் என்ன என்று பார்த்தார்கள். புத்தா-பூத்தே மாவட்டத்தில் 2016-இல், வீட்டில் பரிசோதனை செய்து தொற்று தெரிந்தவருக்கு அதே நாளில் வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். 3 மாதத்துக்குள் மையத்துக்கு வந்தவர்கள் இந்தப் பிரிவில் 69 சதவீதம், பரிந்துரைச் சீட்டு மட்டும் பெற்ற பிரிவில் 43 சதவீதம். 12 மாதத்தில் வைரஸ் அடங்கியவர்கள் முதல் பிரிவில் 50 சதவீதம், இரண்டாம் பிரிவில் 34 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் பாதிப் பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

அவர்கள் ஏன் வருவதில்லை? ஜாம்பியாவில் சிகிச்சையை விட்டுப் போனவர்களிடம் இதையே ஒரு தேர்வு விளையாட்டாகக் கேட்டார்கள். பக்கத்தில் இருக்கும் மையம், ஆனால் ஊழியர் எரிந்து விழுவார். தூரத்தில் இருக்கும் மையம், ஊழியர் அன்பாகப் பேசுவார். எது வேண்டும்? இப்படிப் பல சோடிகளைக் காட்டிக் கணக்கிட்டதில், அன்பான ஊழியருக்காக 45 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்யவோ 19 மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கவோ அவர்கள் தயாராக இருந்தார்கள். 2018-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது நம்மூர் அரசு மருத்துவமனை வரிசையில் நின்ற யாருக்கும் இது புரியும் என்று நினைத்தேன். திட்ட அறிக்கைகளில் ஊழியரின் தொனி ஒரு செலவினமாக எழுதப்படுவதே இல்லை. ஆனால் மக்கள் அதைத்தான் முதலில் எடைபோடுகிறார்கள். இதைச் சொல்லும்போது ஊழியரைக் குற்றவாளியாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு நாளில் ஒரே செவிலியர் அத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருந்தால் யாருக்குத்தான் குரல் இனிமையாக இருக்கும்? அதனால்தான் நன்றாக இருக்கும் நோயாளிகளுக்கு 6 மாத மருந்து கொடுத்து வரிசையைக் குறைப்பதும் தொனியைத் திருத்துவதும் ஒரே வேலையாகிவிடுகிறது.

மையத்தின் உள்ளேயே ஊழியர்கள் தங்கள் வேலையைத் தாங்களே ஆராயும் முறையும் உண்டு. கோட் டிவார், கென்யா, மொசாம்பிக் நாடுகளில் 36 மையங்களில் இதைச் சோதித்தார்கள். கர்ப்பிணி பரிசோதனைக்கு வருவதிலிருந்து குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை முடிவது வரை, ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்று ஒரு கணினித் தாளில் போட்டுப் பார்ப்பது முதல் வேலை. பிறகு ஒரு பெண் மையத்துக்குள் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறார், எங்கே காத்திருக்கிறார் என்று வரைபடம் போடுவது. அதிகம் பேர் விடுபடும் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்து, ஒரு சின்ன மாற்றம் செய்து, எண்ணிக்கையைத் திரும்பப் பார்ப்பது. மாற்றத்தைத் தீர்மானிப்பது அங்கேயே வேலை செய்யும் செவிலியர்கள். வழக்கப்படி நடந்த மையங்களைவிட இந்த மையங்களில் தாய்மார்களின் சிகிச்சையும் குழந்தைகளின் பரிசோதனையும் கூடுதலாக உயர்ந்தன. பிறகு மொசாம்பிக்கின் மனிகா மாகாணத்தில் மாவட்ட மேற்பார்வையாளர்களையே வைத்து இதை விரிவுபடுத்தினார்கள். ஆய்வாளர் இல்லாமல் அரசு ஊழியர் மட்டும் நடத்தினால் நிற்குமா என்பது அங்கே கேட்கப்பட்ட கேள்வி. இந்தத் துறையில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை என்றே சொல்வேன்.

ஏனென்றால் 2025 அதை எல்லா நாடுகளிடமும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டது. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யூ.என்.எய்ட்ஸ் கணக்குப்படி 2024 முடிவில் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த 4.08 கோடிப் பேரில் 3.16 கோடிப் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். 2004 வாக்கில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டிய இறப்புகள் 6.3 லட்சமாகக் குறைந்திருந்தன. போட்ஸ்வானா, எஸ்வாத்தினி, ருவாண்டா, தான்சானியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகள் 95-95-95 என்ற இலக்கை 2023-இலேயே எட்டியிருந்தன. தொற்று உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்கு அது தெரிந்திருப்பது, தெரிந்தவர்களில் 95 சதவீதம் பேர் சிகிச்சையில் இருப்பது, அவர்களில் 95 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருப்பது என்பது அந்த இலக்கு. 2025 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. உயிர்காக்கும் மருந்துகளுக்குப் பிறகு விலக்கு கொடுத்தது, ஆனால் ஜூலையில் யூஎஸ்எய்ட் நிறுவனமே மூடப்பட்டது.

மருந்து வாங்குவதைவிட இந்த அடியில் சிக்கியது வேறு. ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கான மருந்து இப்போது 45 டாலருக்கும் கீழே கிடைக்கிறது. பறிபோனது துணைத் தாய்மார்களின் சம்பளம், தொடர்பு விட்டுப்போனவரைத் தேடிப் போகும் ஊழியரின் சம்பளம், பதிவேட்டைக் கணினியில் ஏற்றுபவரின் சம்பளம். இருபது ஆண்டு ஆய்வு எந்த வேலைகளை முக்கியம் என்று காட்டியதோ, அந்த வேலைகளில் பெரும்பாலானவை அரசு ஊதியப் பட்டியலுக்கு வெளியே, திட்டப் பணத்தில் இருந்தன. தென்னாப்பிரிக்கா தன் எச்.ஐ.வி. செலவில் பெரும்பகுதியைத் தானே ஏற்றிருந்தது, பெப்ஃபார் பங்கு சுமார் 17 சதவீதம்தான். அங்கேகூட ஆலோசகர்களும் தரவு ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். வெளிப்பணத்தையே நம்பியிருந்த சின்ன நாடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வுகளின் மேல் எனக்கு உள்ள ஒரே மனக்குறையும் இதோடு சேர்ந்ததுதான். இவற்றில் பல, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பணத்தில், மூன்று, நான்கு ஆண்டுக் கணக்கில் நடந்தன. பலன் இருந்ததா என்று நுணுக்கமாக அளந்தார்கள். எந்தத் துறை, எந்தப் பதவியில், எந்த நிதியில் இதைத் தொடரும் என்பது பல நேரம் கடைசிப் பத்தியில் ஒரு விருப்பமாக நின்றுவிட்டது. தொடக்கத்திலேயே சுகாதார அமைச்சகத்தின் கையில் இருந்த ஏற்பாடுகள் வேறு மாதிரி. மலாவியின் பதிவேடும் காலாண்டு மேற்பார்வையும் அப்படி வளர்ந்தவை. டெட்டேயின் ஆறு பேர் குழுவுக்குச் சம்பளக்காரர் யாரும் தேவையில்லை. 6 மாத மருந்துக்கும் கூடுதல் ஆள் வேண்டாம், கிடங்கில் இருப்பு இருந்தால் போதும். இப்போது ஒவ்வொரு நாட்டின் அமைச்சகமும் உட்கார்ந்து செய்ய வேண்டிய கணக்கு இதுதான்: இந்தப் பட்டியலில் எதைச் சம்பளம் கொடுத்துக் காப்பாற்றியே ஆக வேண்டும், எது சம்பளம் இல்லாமலே ஓடும், துணைத் தாய்மார்களில் எத்தனை பேரை இந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையிலேயே நிரந்தர ஊழியராக எடுத்துக்கொள்ள முடியும்.